கண் ரத்தக்குழாய் அடைப்பு: ஊசி எத்தனை வருடம் தொடரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம்_தறி எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 61. பிரஷருக்குப் பல வருடமாக மாத்திரை எடுக்கிறார். ஐப்பசி மழை சமயத்தில் ஒருநாள் காலையில் எழுந்ததும், இடது கண் மங்கலாக இருக்கிறது, நடுவில் ஒன்றுமே பிடிபடவில்லை என்றார். வலி இல்லை, சிவப்பு இல்லை. வேலூருக்குக் கூட்டிப் போனோம். விழித்திரையின் மையச் சிரை (ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற முக்கியக் குழாய்) அடைபட்டிருக்கிறது, அதனால் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, மாதம் ஒரு ஊசி என்று ஆரம்பித்தார்கள்.

போனபோது பார்வை 6/60 (நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்; 6/6 என்றால் முழுப் பார்வை). முதல் சுற்று ஊசி முடிந்ததும் 6/18 வரை வந்தது. தறியில் பாவு இழை அறுந்தால் தானே தேடி முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். சரி, குணமாகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ஊசிக்கு இடைவெளி விட்டதும் மறுபடி நீர் கோத்துவிட்டது. இப்போது 6/36. தொடர்ந்து போட வேண்டும், எத்தனை என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டோம். "ஊசி போட்டா சரியாகணும், ஆகலைன்னா எதுக்குப் போடணும்" என்கிறார் மாமா. அம்மாவோ, "எனக்கு ஒரு கண்ணு போதும்டா, தறிக் கூலியை எல்லாம் இதுல கொட்டாதே" என்கிறார். அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதல் ஆறு மாதத்துக் கதை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. 3 வருடம், 5 வருடம் கடந்தவர்களுக்குப் பார்வை எப்படி நின்றிருக்கிறது? ஊசி என்றாவது நிற்குமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

சத்துவாச்சாரி_செல்வி எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், ஒரு கண் போதும் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. அடுத்த கண்ணுக்கு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு வந்தது கிளைச் சிரை அடைப்பு, அதாவது மையச் சிரையில் போய்ச் சேருகிற ஒரு கிளை மட்டும் அடைபடுவது. வலது கண், மேல் பக்கம். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் வந்தது, இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தக் கண்ணில் இன்று 6/9 பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் கோணல் இருக்கிறது, செய்தித்தாளின் வரி ஒரு இடத்தில் லேசாக வளையும். அதற்குப் பழகிவிட்டேன்.

முதல் வருடம் ஊசி அதிகம். இரண்டாம் வருடம் குறைந்தது. மூன்றாம் வருடத்துக்குப் பிறகு ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் போவதை நிறுத்தவில்லை. இன்றைக்கும் ஓசிடி (விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டுகிற ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்காக ஒன்று எழுதுகிறேன். கண்ணில் ஊசி என்றதும் நான் இரவெல்லாம் தூங்கவில்லை. உள்ளே போனால், மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள், அப்புறம் பெட்டாடைன் சொட்டு. உண்மையில் எரிவது அந்தப் பெட்டாடைன்தான். இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப் வைப்பார்கள். கீழே பாருங்கள், அசையாதீர்கள் என்பார்கள். வெள்ளை விழியில் ஒரு அழுத்தம் தெரியும், எண்ணி ஐந்து வினாடி, முடிந்துவிடும். வெளியே வந்ததும் சிலருக்குக் கண்ணுக்குள் கறுப்புக் குமிழிகள் மிதக்கும். ஓரிரு நாளில் போய்விடும். அன்றைக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் வலியும் சிவப்பும் சேர்ந்து வந்து பார்வையும் குறைந்தால், அதே நாளில் ஓட வேண்டும். கிருமித் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும் என்றாலும், வந்தால் தாமதிக்க முடியாது.

ஓசிடி_அறை எழுதியது:

நான் டாக்டர் இல்லை. கண் பரிசோதகர். வேலூரில் விழித்திரைப் பிரிவில் ஓசிடி ஸ்கேன் எடுக்கிற வேலை. உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பேர் தாடையை வைத்து நெற்றியை ஒட்டி உட்கார்வதைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கேள்விக்குப் பதில். ஊசி அடைப்பைத் திறப்பதில்லை. இதை யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் வீட்டில் பாதிச் சண்டை வந்திருக்காது. ஏரி மதகு அடைத்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் ஏறி கரை கசிகிறது அல்லவா, அதுபோல் சிரை அடைபட்டதும் பின்னால் அழுத்தம் ஏறி நுண்குழாய்களில் இருந்து நீரும் ரத்தமும் கசிகிறது. ரத்த ஓட்டம் குறைந்த விழித்திரை, விஇஜிஎஃப் என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அது கசிவை இன்னும் கூட்டுகிறது. ஊசி மருந்து அந்தப் பொருளைப் பிடித்துக் கட்டுகிறது. மருந்து தீர்ந்ததும், அடைப்பு இன்னும் சரியாகாமல் இருந்தால், மறுபடி கசியும். நான்கைந்து வாரத்தில் நீர் திரும்புவதற்குக் காரணம் இதுதான். ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை.

இதற்கிடையில் உடம்பு தானாக மாற்றுப் பாதைகளை வளர்த்துக்கொள்ளும். பக்கத்துக் குழாய்கள் பெரிதாகி, ரத்தம் சுற்றிப் போகத் தொடங்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்கள் ஆகலாம். அதுவரை விழித்திரையின் நடுப்பகுதியை வற்ற வைத்துக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

நீண்ட நாள் கணக்கு கேட்டீர்கள். 2014-இல் வெளியான ரீட்டெய்ன் என்ற ஆய்வு, ரானிபிசுமாப் ஊசி போட்டவர்களைச் சராசரியாக 4 வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தது. கிளைச் சிரை அடைப்பில் பாதிப் பேருக்கு நீர் முழுசாக வற்றி, ஊசியே தேவைப்படாத நிலை வந்தது. மையச் சிரை அடைப்பில் 44 சதவீதம் பேருக்கு. வற்றியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கடைசி ஊசி முதல் 2 வருடத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. மீதிப் பேருக்கு நான்காம் வருடத்திலும் ஊசி ஓடிக்கொண்டிருந்தது: கிளை அடைப்பில் வருடத்துக்குச் சுமார் 3, மைய அடைப்பில் சுமார் 6.

பார்வையைப் பொறுத்தவரை, கிளை அடைப்பில் 80 சதவீதம் பேர் கடைசியில் 6/12 அல்லது அதற்கு மேல் பார்த்தார்கள். மைய அடைப்பில் வற்றியவர்களுக்கும் வற்றாதவர்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம். வற்றியவர்களுக்குப் பலகையில் சராசரி 25 எழுத்து கூடியது, அதாவது ஐந்து வரி. வற்றாதவர்களுக்கு 4 எழுத்துதான். சின்ன ஆய்வு, 66 பேர்தான். ஆனாலும் நாங்கள் தினமும் பார்ப்பதற்கு அது ஒத்துப்போகிறது.

குடியாத்தம்_தறி எழுதியது:

ரொம்ப நன்றி சார். அடைப்பைத் திறப்பதில்லை என்ற விஷயத்தை இன்றுதான் புரிந்துகொண்டேன். மாமாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆனால் 25 எழுத்து, 4 எழுத்து என்று படித்ததும் வயிறு கலங்குகிறது. அம்மா எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

ஆம்பூர்_தோல்ஷாப் எழுதியது:

தம்பி, தெரிந்துகொள்ள வழி இல்லை, தொடர்ந்து போனால்தான் தெரியும். ஆனால் இங்கே எல்லோரும் சுலபமாகத் "தொடருங்கள்" என்று எழுதுகிறீர்கள். என் நிலையையும் எழுதுகிறேன்.

எனக்கு 48 வயது. தோல் ஷாப்பில் வேலை. எனக்கும் கிளை அடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் ஒருநாள் கூலி போகும். கண்ணில் சொட்டு விட்டால் சாயங்காலம் வரை கூசும், தனியாகப் பஸ் ஏற முடியாது, அதனால் கூட வருகிறவர் கூலியும் போகும். ஊசிப் பணம் வேறு. ஒவ்வொரு மாதமும் இது நடக்கிற காரியமா?

எனக்குச் சில ஊசிக்குப் பிறகு லேசர் வைத்தார்கள். லேசருக்குப் பிறகு ஊசி இடைவெளி நீண்டது. வெகு நாளாக 6/12-இல் நிற்கிறது. கூலிக்காரனுக்கு அது போதும். லேசர் பழைய வைத்தியம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

ஓசிடி_அறை எழுதியது:

ஆம்பூர் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளைச் சிரை அடைப்பில் லேசர் உதவும் என்று 1984-இலேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வு நிரூபித்தது. மூன்று வருட முடிவில் லேசர் வைத்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு இரண்டு வரி கூடியது, வைக்காதவர்களில் 37 சதவீதம் பேருக்கு. ஊசி வந்த பிறகு முதல் இடம் ஊசிக்குப் போய்விட்டது, ஏனென்றால் பார்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் திரும்புகிறது. ஆனாலும் அடிக்கடி வர முடியாதவர்களுக்குக் கிளை அடைப்பில் லேசரை இன்றும் வைக்கிறார்கள்.

ஆனால் குடியாத்தம் அம்மாவுக்கு இருப்பது மைய அடைப்பு. அதில் நடுப்பகுதி லேசர் நீரைக் குறைத்தாலும் பார்வையைக் கூட்டுவதில்லை என்று 1995-இல் வந்த ஆய்வு தெளிவாகச் சொன்னது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு லேசரில் சரியானது, எனக்கு ஏன் வைக்கவில்லை என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். நோயின் பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அடைபட்ட இடம் வேறு.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். எந்தப் பக்கம் போகும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. வந்த நாளில் பார்வை எவ்வளவு இருந்தது, எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தது, விழித்திரையில் ரத்த ஓட்டம் எவ்வளவு பரப்பில் நின்றுபோயிருக்கிறது. கடைசி விஷயத்தைக் கையில் மஞ்சள் சாயம் ஏற்றி எடுக்கிற ஆஞ்சியோவில் பார்ப்பார்கள். (அன்றைக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.) அம்மாவுக்கு ஊசி போட்டதும் 6/60-இல் இருந்து 6/18 வந்தது என்றீர்கள். அது நல்ல அறிகுறி. நடுப்பகுதி செல்கள் உயிரோடு இருக்கின்றன, நீர்தான் மறைக்கிறது என்று அர்த்தம்.

ஆற்காடு_ஜெயா எழுதியது:

என் மாமியாருக்கும் இதே பிரச்சினை. எக்கோஸ்பிரின் (ஆஸ்பிரின்) மாத்திரை சாப்பிட்டால் அடைப்பு கரையும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் பொன்னாங்கண்ணிக் கீரையைத் தினமும் சாப்பிட்டு, மூலிகைச் சொட்டு விட்டால் ஊசியே வேண்டாம் என்கிறார். யாராவது முயற்சி செய்தீர்களா?

சத்துவாச்சாரி_செல்வி எழுதியது:

ஜெயா, பொன்னாங்கண்ணி எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் கூட்டு. நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் சொட்டு விடுகிற எந்தச் சாறும் கண்ணின் பின்பக்கம் இருக்கிற விழித்திரைக்குப் போய்ச் சேராது. முன்பக்கத்தில் புண்ணாக்கிவிட்டால் ஊசி போடுவதே தள்ளிப்போகும். தயவுசெய்து விடாதீர்கள்.

எக்கோஸ்பிரின் பற்றி என் டாக்டரிடமே கேட்டேன். கண் சிரை அடைப்பைக் கரைக்க அது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். ஆனால் இதயத்துக்காக ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பாதியை மட்டும் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

காட்பாடி_ரயிலடி எழுதியது:

இந்த இழையைப் படித்ததில் இருந்து எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

எங்கள் பெரியப்பாவுக்கு மைய அடைப்பு. வந்தபோதே பார்வை மிகவும் குறைவு, விரல் எண்ணுகிற அளவுதான். ஆஞ்சியோவில் ரத்த ஓட்டம் பெரிய பரப்பில் நின்றிருப்பதாகச் சொன்னார்கள். ஊசி போட்டார்கள். பெரிதாக முன்னேற்றம் இல்லை. அந்த நேரத்தில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கல்யாண வேலை, பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக அலைச்சல். எப்படியும் தெரியாத கண்தானே, கல்யாணம் முடியட்டும் என்று விட்டுவிட்டார்.

பொங்கல் நெருக்கத்தில் ஒருநாள் இரவு, அந்தக் கண் பக்கம் தலை பிளக்கிற வலி. வாந்தி. கண் ரத்தச் சிவப்பு. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கண் பிரஷர் 50-க்கு மேல். கருவிழிக்குப் பின்னால் இருக்கிற நிறப் படலத்தில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்து, கண்ணில் நீர் வெளியேறும் பாதையை அடைத்துவிட்டன என்றார்கள். லேசர், ஊசி, ஆபரேஷன் எல்லாம் செய்தார்கள். வலி அடங்கியது. பார்வை வெளிச்சம் தெரிகிற அளவுகூட மிஞ்சவில்லை.

தெரியாத கண் என்று யாரும் விடாதீர்கள். பார்வை இல்லாத கண்ணும் வலிக்கும். அவர் பட்ட வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ஓசிடி_அறை எழுதியது:

எழுதியதற்கு நன்றி அண்ணா. இது எல்லோரும் படிக்க வேண்டிய பதிவு.

ரத்த ஓட்டம் நின்ற வகை மைய அடைப்பில் இந்தச் சிக்கலைப் பழைய டாக்டர்கள் நூறு நாள் கிளாக்கோமா (கண் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய்) என்பார்கள். அடைப்பு வந்து மூன்று மாதத்தை ஒட்டி அடிக்கடி வரும் என்பதால் அந்தப் பெயர். இப்போது ஊசி போடுகிறவர்களுக்கு இது தள்ளிப்போகிறது. கவனியுங்கள், தள்ளிப்போகிறது, முற்றிலும் போய்விடுவதில்லை. ஊசியை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். ஆகவே நூறு நாள் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது.

ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்த மைய அடைப்பிலும், மூன்று வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு ஓட்டம் நின்ற வகையாக மாறியது என்று அந்த 1995 காலத்து ஆய்விலேயே இருக்கிறது. திடீரென்று பார்வை இன்னும் குறைந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். அந்தப் புதுக் குழாய்களைக் கண்மணியை விரிக்கிற சொட்டு விடுவதற்கு முன்னால்தான் நன்றாகப் பார்க்க முடியும். விரித்துவிட்டால் படலம் சுருங்கி மறைந்துவிடும். மைய அடைப்பு உள்ளவர்கள் பரிசோதனைக்குப் போகும்போது, சொட்டு விட வரும் சிஸ்டரிடம், "டாக்டர் முதலில் பார்த்துவிட்டாரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில கண்களில் நடுப்பகுதி செல்கள் பட்டுப்போயிருக்கும். நீர் வற்றினாலும் பார்வை வராது. அப்போது ஊசியை நிறுத்தலாம் என்று டாக்டரே சொல்வார். அது சரியான முடிவுதான். ஆனால் நிறுத்துவது ஊசியை மட்டும். கண் பிரஷரும் படலமும் பார்க்கிற பரிசோதனை நிற்கக் கூடாது.

வாலாஜா_மருந்துக்கடை எழுதியது:

மருந்து விஷயம் நான் கொஞ்சம் சொல்கிறேன்.

பெவாசிசுமாப், அதாவது அவாஸ்டின், முதலில் புற்றுநோய்க்கு வந்த மருந்து. பெரிய குப்பியில் இருந்து சின்னச் சின்ன ஊசியாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுகிறார்கள், அதனால்தான் விலை குறைவு. பிரிக்கிற இடம் சுத்தமாக இருப்பதுதான் இதில் உயிர்நாடி, ஆகவே அதை முறையாகச் செய்கிற ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள். ரானிபிசுமாப் கண்ணுக்கென்றே செய்தது: அக்சென்ட்ரிக்ஸ். அதே மருந்தை 2015-இல் நம் நாட்டுக் கம்பெனி ரசுமாப் என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. அஃப்லிபெர்செப்ட் என்பது ஐலியா, விலை அதிகம்.

விலை குறைந்தது என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 2017-இல் வந்த ஸ்கோர்-2 ஆய்வில், மைய அடைப்பு உள்ளவர்களுக்கு ஆறு மாதத்தில் அவாஸ்டினும் ஐலியாவும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 18, 19 எழுத்து, பார்வை கொடுத்தன. 2019-இல் இங்கிலாந்தில் வந்த லியாவோ ஆய்வு இரண்டு வருடம் பார்த்தது. அதில் அவாஸ்டின் கொஞ்சம் பின்தங்கியது, ஐலியாவுக்கு ஊசி எண்ணிக்கை கொஞ்சம் குறைவாகத் தேவைப்பட்டது. என் அபிப்பிராயம் இது: விலை கூடிய ஊசியைச் சில மாதம் போட்டுப் பணம் இல்லாமல் நிறுத்துவதைவிட, தாங்குகிற விலையில் இடைவிடாமல் போடுவது மேல்.

மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னால், ஐஸ் பெட்டியில்தான் எடுத்துப் போக வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி உறைந்துவிடவும் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால் மருந்தைக் கெடுத்துக்கொண்ட கணக்குத்தான்.

ஆம்பூர்_தோல்ஷாப் எழுதியது:

வாலாஜா அண்ணன் சொன்னதுதான் விஷயம். இடைவிடாமல். அதற்கு மாதா மாதம் போகாமல் வேறு ஏற்பாடு இல்லையா?

ஓசிடி_அறை எழுதியது:

இருக்கிறது. முதலில் நீர் வற்றும் வரை மாதம் ஒன்று. வற்றியதும் இடைவெளியை 2 வாரம், 2 வாரமாகத் தள்ளிப் பார்ப்பார்கள். 6 வாரம், 8 வாரம், 10 வாரம். எந்த இடத்தில் நீர் எட்டிப் பார்க்கிறதோ, அதற்கு முந்தின இடைவெளியில் நிறுத்திக்கொள்வார்கள். ஒவ்வொரு வருகையிலும் ஸ்கேனும் ஊசியும் ஒரே நாளில் முடிந்துவிடும், வெறும் செக்கப்புக்கு என்று தனியாகக் கூலியை விட வேண்டாம். அடிக்கடி வர முடியாதவர்கள் முதல் நாளே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு உள்வைப்பு ஒன்றும் உண்டு, ஓசர்டெக்ஸ். ஒருதரம் வைத்தால் மூன்று, நான்கு மாதம் வேலை செய்யும். ஆனால் கண் பிரஷர் ஏறலாம், புரை சீக்கிரம் வரலாம். ஏற்கெனவே புரை ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு, கிளாக்கோமா இல்லாதவர்களுக்கு, அதிகம் பொருந்தும்.

இடைவெளியை டாக்டர் தள்ளுவது வேறு, நாமாகத் தள்ளுவது வேறு. ஐலியா ஆய்வு ஒன்றில் மைய அடைப்புக்காரர்கள் மாத ஊசியில் ஆறு மாதத்தில் 17 எழுத்து ஏறினார்கள். அப்புறம் பரிசோதனை இடைவெளி நீண்டதும் இரண்டு வருட முடிவில் 13-க்கு இறங்கிவிட்டது. சிகிச்சையை ஆறு மாதம் தாமதமாக ஆரம்பித்தவர்களுக்கோ, பிறகு அதே ஊசியைப் போட்டும் முதலில் ஆரம்பித்தவர்கள் அளவுக்குப் பார்வை வரவில்லை. ஸ்கோர்-2-வில் 5 வருடம் வரை பார்க்க முடிந்தவர்களுக்கு, ஆரம்பத்தைவிடச் சராசரி 14 எழுத்து அதிகமாகவே நின்றது. ஆனால் 5-ஆம் வருடத்திலும் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஊசி தேவைப்பட்டது.

அதனால்தான் தம்பியின் டாக்டர் எத்தனை ஊசி என்று எண் சொல்லவில்லை. எண் சொல்லியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

குடியாத்தம்_தறி எழுதியது:

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். இந்தத் தடவை மாமாவும் வந்தார். ஓசிடி படத்தை டாக்டர் திரையில் திருப்பிக் காட்டினார். நல்ல கண்ணில் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அம்மாவின் இடது கண்ணில் அந்த இடம் மேடாக உப்பி, உள்ளே கறுப்புக் கறுப்பாக நீர்ப் பைகள். முதல் சுற்று ஊசிக்குப் பிறகு எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தார். அதில் பள்ளம் திரும்பியிருந்தது. மாமா எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். "அப்ப மருந்து வேலை செய்யுதுங்களே" என்று அவர் வாயாலேயே வந்தது.

ஊசி போட்டாயிற்று. வற்றியதும் இடைவெளியை மெல்லத் தள்ளலாம் என்றார். சொட்டு விடுவதற்கு முன் படலத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன், ஏற்கெனவே பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். புதுக் குழாய் எதுவும் இல்லை.

பிரஷர் அன்றைக்கு 170-க்கு 100 இருந்தது. அதற்குத்தான் டாக்டர் கோபப்பட்டார். இந்த அடைப்பில் பாதிக்கு அருகில் பிரஷர்தான் காரணம், நான் கண்ணில் போடுகிற ஊசி பிரஷரைக் குறைக்காது, அந்தக் கண்ணும் உங்களுடையதுதான் என்று வலது கண்ணைக் காட்டிச் சொன்னார். மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா மாதா மாதம் மாத்திரை கொடுக்கிறார், அதை அம்மா தினமும் விழுங்குகிறாரா என்று பார்ப்பது இனி என் பொறுப்பு.

சத்துவாச்சாரி_செல்வி எழுதியது:

நல்ல செய்தி தம்பி. உப்பையும் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அம்மா கண்ணில் படாமல் வையுங்கள்.

சோளிங்கர்_மலையடி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு 36 வயதுதான். பிரஷர், சுகர் எதுவும் இல்லை. அவனுக்கும் கிளை அடைப்பு என்கிறார்கள். இந்த வயதில் எப்படி? அரக்கோணத்தில் பார்த்தோம், வேலூருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே போவது, என்ன கேட்பது?

ஓசிடி_அறை எழுதியது:

பிரஷர் இல்லை என்பது அளந்து பார்த்துச் சொன்னதா, இருக்காது என்று நினைத்துச் சொன்னதா? முதலில் அதை உறுதி செய்யுங்கள். கிளை அடைப்பு பெரும்பாலும் தமனியும் சிரையும் ஒரே உறைக்குள் ஒன்றை ஒன்று கடக்கிற இடத்தில் வருகிறது. பிரஷரால் தடித்த தமனி சிரையை அமுக்கிவிடும். இளம் வயதில் பிரஷர் கூடியிருந்தும் தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

அப்படியும் எதுவும் இல்லை என்றால் ரத்தம் உறைகிற தன்மை, ஹோமோசிஸ்டீன், கொழுப்பு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அதைப் பொது மருத்துவரோ ரத்த நோய் மருத்துவரோ பார்ப்பார்.

ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, 1902-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய அதே வளாகம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போய், இந்தச் சிகிச்சைக்கு என்ன கிடைக்கும் என்று கவுண்டரில் கேளுங்கள். எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில் தொடருங்கள். அப்போதுதான் பழைய ஸ்கேனோடு ஒப்பிட முடியும்.

கிளை அடைப்பு, இளம் வயது, சீக்கிரம் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டியதைவிட நம்ப வேண்டியது அதிகம். அரக்கோணத்தில் எடுத்த ஸ்கேன் படங்களையும், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். காலையில் சீக்கிரம் வந்தால் அன்றைக்கே ஸ்கேன் முடியும். கூட ஒருவர் வரட்டும், பைக்கில் வர வேண்டாம்.